துணைக்குப் போன ஏழு நாள்

நேற்று உன் அம்மா வந்திருந்தார். முதலில் என் கண்ணில் பட்டது அவர் கையிலிருந்த உன் கடிகாரம். அவருக்கு மணிக்கட்டு பருமன். வாரின் கடைசித் துளையில் மாட்டியிருந்தார். உங்கள் பத்து பெரெண்டாமிலிருந்து பஸ் ஏறி, எங்கள் காஜா பேராங்கில் வழி விசாரித்து வந்திருக்கிறார். உட்கார்ந்ததும், "படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்டார். காப்பி கலக்கி வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

நான் படிப்பை விட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நீதான்.

தம்பி பிறந்ததும் என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதுவரை கூடப் படித்த நீ மேலே படிக்கப் போனாய். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தைய பள்ளி விடுமுறையில் ஒருநாள் வந்து, தஞ்சோங் கிளிங் கடற்கரையில் மாணவிகளுக்கு ஒரு வாரம் இயற்கை முகாம் என்றாய். அப்பாவிடம் நீயே பேசினாய். "ஏழு நாள்தான் மாமா. சோறு அவங்களே போடுறாங்க." அப்பா சிரித்துவிட்டார். விண்ணப்பப் பாரத்தில் என் பெயருக்கு நேரே உன் பள்ளியின் பெயரை எழுதினாய்.

அந்த வாரத்தில் சேறுதான் அதிகம் நினைவிருக்கிறது. கடல் வற்றியதும் முழங்கால்வரை இறங்குவோம். பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டுகள் அலையில் புரண்டு, மல்லாந்து கிடக்கும். மற்றவர்கள் அலற, நீ ஓட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிவிடுவாய். "வாலைப் பிடிக்காதே, அதுக்கு வலிக்கும்லா" என்று என்னையும் அதட்டினாய். நான் கரையில் உட்கார்ந்து அவற்றை வரைந்தேன். முகாமை நடத்திய டீச்சர் சிரம்பானிலிருந்து வந்த தமிழ்ப் பெண்மணி. என் படங்களைப் பார்த்து, "எந்த வகுப்பு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "ஃபார்ம் டூ, டீச்சர். என்கூடத்தான்" என்றாய். பிறகு என் காதில், "நீ பேசாம இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே" என்று சொல்லிக் கிள்ளினாய்.

நாலாம் நாள், வேறு பள்ளியிலிருந்து முகாமுக்கு வந்திருந்த உன் பக்கத்து வீட்டுப் பெண், பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "இவ அம்மா இவளைத் தனியா எங்கேயும் விட மாட்டாங்க. கூடப் படிக்கிற பொண்ணு துணைக்கு வந்தாதான். வேற யாரும் வரல, உன்னைப் பிடிச்சிட்டா. தெரியாதா உனக்கு?" எனக்குத் தெரியாது. நான் வேண்டும் என்றுதான் அழைத்தாய் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மாலை டீச்சர் எல்லார் முன்னும் என் படங்களைக் காட்டி, உங்கள் தலைமையாசிரியைக்கு எழுதப் போகிறேன் என்றார். நான் எழுந்து நின்றேன். அந்த வாரத்தில் நானாகப் பேசியது அது ஒன்றுதான்.

"நான் பள்ளிக்கூடம் போகல டீச்சர். நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

டீச்சர் என்னைக் கோபிக்கவில்லை. உன்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்கு எழுதணும்" என்று மட்டும் சொன்னார். உன் முகம் வெளுத்தது. பொய் சொன்னது தெரிந்தால் உன்னையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று அன்றிரவு பாயில் படுத்தபடி சொன்னாய். திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"உண்மையைச் சொன்னியா, பழி வாங்கினியா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும்தான் என்று இப்போது எழுத முடிகிறது.

அந்தக் கடிதம் உன் வீட்டுக்கு வரவே இல்லை போலிருக்கிறது. அதைச் சொல்லக்கூட நீ என் பக்கம் வரவில்லை. நானும் வரவில்லை. நாலு மாதம் கழித்துக் காய்ச்சலில் நீ போனாய். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது.

காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உன் அம்மா ஒரு மிடறு குடித்தார்.

"கடைசிவரைக்கும் உன் பேச்சுத்தான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, நீதான் அவளுக்குப் படம் வரைஞ்சு கொடுப்பியாம்னு சொல்லுவா."

நீ என்னுடன் பேசாமலிருந்த மாதங்களிலும் அதைச் சொல்லியிருக்கிறாய்.

"அவ புஸ்தகமெல்லாம் அப்படியே இருக்கும்மா. ஒரே வகுப்புதானே, உனக்கு உதவும். நாளைக்கே வந்து எடுத்துக்கோயேன்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்மா," என்றேன். "சனிக்கிழமை வரேன்."