வெந்நீர்ப் பை

பாப்பாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் மூன்று சின்னத் துளைகள், அவ்வளவுதான். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்றுதான் தோளில் ஏறிக் குத்துகிறது. உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கீறலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றாள். சிரித்தாலே தையல் இழுக்கிறது, சண்டை எங்கே போட?

கருப்பைக்கு வெளியே வளர்ந்த சதை, குடலோடு ஒட்டிக் கிடந்ததாம். "எத்தனை வருஷமா இதைத் தாங்கிட்டிருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாசாமாசம் எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்ற வலிதானே?"

"யாரும்மா சொன்னா?" என்றார்.

தோளுக்கு ஒத்தடம் கொடுக்கலாமென்று இன்று, மாசாமாசம் வயிற்றில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்ப் பையைத் தேடினேன். பீரோவிலும் இல்லை, கட்டிலடியிலும் இல்லை.

"பாப்பா ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாளே. அங்க குளிர்போல" என்றார் உன் அப்பா.

போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய். பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா?

பையை நீயே வைத்துக்கொள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் வருகிறேன். டாக்டரம்மாவிடம் இரண்டு பேருமாகப் போவோம். அவர் கேட்கும்போது மட்டும், இத்தனை வருஷமும் நான் சொன்ன மாதிரி, "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடாதே.

அம்மா