ராஜா குசு விட்ட பக்கம்

வெள்ளி, ஜூலை 11

இன்று கெலுகோரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு என் கதைப்புத்தகத்தை வாசித்துக்காட்டப் போயிருந்தேன். எல்லோரையும் மிரட்டுகிற ராஜா, நிறைந்த சபையில் குசு விட்டுவிடும் கதை. தலைமையாசிரியை காப்பி கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “அந்த ஒரு எடத்த மட்டும் விட்டுருங்க லா. பேரண்ட்ஸ் கம்ப்ளேன் பண்ணுவாங்க.” பிள்ளைகளுக்குப் பயம் போக வேண்டும் என்றுதான் அந்தக் காட்சியையே எழுதினேன். ஆனாலும் மறுக்கத் தைரியம் வரவில்லை.

வாசிக்கும்போது அந்தப் பக்கத்தைத் தாண்டினேன். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி கை தூக்கினாள்.

“அக்கா, ஒரு பக்கம் விட்டுட்டீங்க.”

தலைமையாசிரியையைப் பார்த்தேன். “சரி, வாசிங்க,” என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவளே எழுந்து, முழுப் பக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னாள், சத்தம் உட்பட. மண்டபமே சிரித்தது. தலைமையாசிரியை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவளிடம் எத்தனை தடவை படித்தாய் என்று கேட்டேன்.

“தெரியல அக்கா. அப்பா கத்துறப்ப நானும் தங்கச்சியும் ரூம்ல ஒக்காந்து இதத்தான் படிப்போம். ராஜாவ நெனச்சா சிரிப்பு வந்துரும்.”

வகுப்பாசிரியையிடம் அவளைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருடம் எழுதியதில் இன்று போல் நான் நிமிர்ந்து நடந்ததில்லை. கடற்பாலம் தாண்டி வீடு வரும் வரை முகத்தில் சிரிப்பு இருந்தது.

இந்நேரம் அந்தச் சிறுமியின் வீட்டில் அப்பாவின் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும்.