மூன்று வரை எண்ணத் தெரிந்த வயது

மச்சான்,

உன் டம்ளர் வேலைக்குப் போகிறது.

இன்று காலை தங்கச்சி வீட்டுக்குக் காபி குடிக்கப் போனேன். அலமாரியில் உன் இடம் காலியாக இருந்தது. விளிம்பு நெளிந்த அந்த எவர்சில்வர் டம்ளர், நீ போன நாளிலிருந்து யாரும் வாய் வைக்காமல் கவிழ்ந்தே கிடந்ததே, அது எங்கே என்று தெரியாதவன்போலக் கேட்டேன். "அது அப்பவே ஸ்கூலுக்குக் கிளம்பிடுச்சுண்ணா, ஷீலா பையில" என்றாள் உன் பெண்டாட்டி. இந்த ஊரில் படித்த பிள்ளைகளெல்லாம் பெங்களூர் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். உன் டம்ளருக்கு ஆண்டர்சன்பேட்டையிலேயே உத்தியோகம். அதுவும் வாத்தியார் உத்தியோகம்.

அது எப்படிக் கிடைத்தது என்று உனக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டாமா? நடந்ததை நடந்தபடி சொல்வதில் நான் எப்பேர்ப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும். வழக்கம்போல பாதியைத் தள்ளிவிட்டுப் படி.

நம் தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் லேம்ப் ரூமில் நான் இருந்தேன். ஆகவே சூரியனுக்கு அடுத்த பதவி என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்கள் நிற்கும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, கம்பிவடத்தில் இறக்கி ஏற்றுகிறவன். நீ யாரிடமும் எதையும் சொல்லிக்கொண்டதில்லை. உன் நாற்காலிக்குப் பின்னால் 'டிரைவருடன் பேசாதே' என்று ஒரு பலகை மாட்டியிருந்தது. மணி வந்தால்தான் உன் கை அசையும். ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறார்கள். மூன்று கேட்டதும் கேஜுக்குள் பேச்சு நின்றுவிடும். முழங்கைகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கைகள் மேல்கம்பியைத் தேடும். ஷிப்ட் முழுக்க அந்த மணிக்குக் காதைக் கொடுத்து நீ உட்கார்ந்திருந்த இருப்பு இருக்கிறதே, உன் மூக்கில் வந்து உட்கார்ந்த ஈ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பறந்ததை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

உன் மகள் ஷீலாவுக்கு அப்போது மூன்று வயது. அவள் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு டைனமோவை மாட்டியிருந்தால் கோலார் ஜில்லா முழுவதற்கும் விளக்கு எரிந்திருக்கும். நீ ஷிப்ட் முடிந்து வந்து, காபியைக் குடித்துவிட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாய். காலி டம்ளரை மோதிர விரலால் மூன்று தட்டு. குழந்தை வாயை மூடிக்கொண்டு முழங்கையை ஒட்டிக்கொள்ளும். இரண்டு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு 'இறங்கி'விடும்.

முதல்முறை பார்த்த அன்றைக்கே நான் வழக்குப் போட்டேன்.

"இன்னா மச்சான் இது, மூணு வயசுக்குத் தியானமா? அதெல்லாம் அறுபது தாண்டி, பல்லெல்லாம் போய், பொய் சொல்ல வாய் ஒத்துழைக்காத வயசுல பண்றது."

"தியானமோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. மூணு எண்ணத் தெரியுது இல்ல? போதும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை உன் முழங்காலில் குட்டி முஷ்டியால் ஒரு குத்து விட்டது. நீ உடனே டம்ளரைக் கீழே வைத்து, "நின்னாச்சு" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இம்மாத்தூண்டு இருக்குது, அது அடிச்சா நிறுத்திடுவியா? அரை நிமிஷம்கூட ஆவல."

"மணி யார் அடிச்சா இன்னா? ஒரு மணின்னா நில்லுதான். அடிச்சது யாருன்னு டிரைவர் கேக்கக்கூடாது."

பிறகு அவளிடம் குனிந்து, "கீழ இன்னா கேட்டுச்சு?" என்றாய். "கொழா சொட்டுது" என்றது குழந்தை. எழுந்து போய்ப் பார்த்தேன். கொல்லைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத் தினமும் அந்த வீட்டுக்கு வந்து போகிற என் காதில் அது விழுந்ததே இல்லை; என் குரல் நடுவே இருந்தது.

அந்த ஷீலாதான் இப்போது யூ.கே.ஜி. டீச்சர். காலையில் பாடம் தொடங்குமுன் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உன் டம்ளரில் மணி அடிக்கிறாள். மொத்தம் இரண்டு நிமிஷம். அதற்குத்தான் போன மாதம் ஊர் இரண்டுபட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை கூட்டம். பெரும்பாலோர் வேண்டாம் என்றால் திங்கள்கிழமையிலிருந்து நிறுத்த வேண்டியதுதான் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். ஷீலா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "பசங்களுக்காகக்கூட இல்ல மாமா. நைனா எங்கிட்ட குடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான்" என்றாள். அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா? வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்திக்கொண்டு, ஐக்கிய நாட்டுச் சபையில் பேசப் போகிறவனைப் போலக் கிளம்பினேன்.

கூடம் நிறைந்திருந்தது. பிள்ளைகள், அப்பா அம்மாக்கள், பிள்ளைகளைத் தினமும் கொண்டு வந்து விடுகிற தாத்தாக்கள். தாத்தாக்களில் முக்கால்வாசி நம் சுரங்க ஷாப்டில் இறங்கினவர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார். "மிஸ், எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு சென்டர் இருக்கு. அங்கயே பத்து வயசுக்கு மேலதான் சேத்துக்கறாங்க. நீங்க இதுங்களுக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுங்க, போதும்." அடுத்து ஒரு அம்மா: "கண்ண மூடச் சொன்னா எம் பொண்ணு பயப்படறா மிஸ். வாயத் தொறந்து சொல்லவும் தெரியாது அவளுக்கு."

ஷீலா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். அடியேன் இமயமலையில் பன்னிரண்டு ஆண்டு தவம் செய்தவன் என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு கிழம், "யோவ், நீ பங்காரப்பேட்டையத் தாண்டுனதே உங்க தங்கச்சி கல்யாணத்துக்குத்தான்யா" என்றது. கூடம் சிரித்தது. நான் விடவில்லை. பூதிகோட்டைப் பாறையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்தபோது காளைகள் ஏர் உழுவதை நிறுத்தி என்னைப் பார்த்தன என்றேன். சிரிப்பு கூச்சலாயிற்று. ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த அம்மாவின் கவலை அதில் அமுங்கிப் போயிற்று. பெரிய டீச்சர் நோட்டை மூடினார். உன் பெண்ணின் இரண்டு நிமிஷத்தை நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது டம்ளர் ஒலித்தது. மூன்று.

என்ன நடந்தது தெரியுமா மச்சான்? 'காளை' என்று ஆரம்பித்த நான் 'கா'விலேயே நின்றுவிட்டேன். பின்வரிசைக் கிழங்கள் அத்தனையும் கப்சிப். அத்தனை பேருக்கும் முழங்கை ஒட்டிக்கொண்டது. என்னைக் கேலி செய்த கிழத்தின் வலது கை மேலே போய், அங்கே இல்லாத கம்பியைத் தேடிற்று. இடது கை பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்பாக்கள் பேசாமலானதைப் பார்த்து மகன்கள் பேசாமலானார்கள். சுரங்கம் மூடி எத்தனை வருஷமானாலும் மணி மூடவில்லை.

இரண்டு தட்டு. பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். கூடமே மெல்ல இறங்கிற்று.

இருபது எண்ணியிருக்க மாட்டேன், பெஞ்சில் யாரோ விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்கள். பயப்படுகிற அந்தப் பெண்தான். ஷீலா அந்தக் கணமே டம்ளரை மேஜையில் வைத்தாள். "நின்னாச்சு. எல்லாரும் கண்ணத் தொறங்க." தட்டியது யார் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ்ளோதானா?" என்றார் அந்த அம்மா.

"அவ்ளோதாங்க. மணி அவ கையிலதான் இருக்கு. கண்ண மூடித்தான் ஆவணும்னும் இல்ல" என்றாள் ஷீலா. பிறகு எல்லோரையும் பார்த்து, "கீழ இன்னா கேட்டுச்சு?"

சைக்கிள் மணி என்றது ஒரு குழந்தை. மிஸ் வயிறு கத்துச்சு என்றது இன்னொன்று. பெங்களூர்க்காரர் மடியில் இருந்த மகன் பக்கம் குனிந்து சொன்னார். "இவனுக்கு மூக்கு அடைச்சிருக்கு. மூச்சு கர்ரு கர்ருன்னு வருது. எப்பத்துலருந்துப்பா?"

"மூணு நாளா" என்றான் பையன்.

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. அவர் மட்டும் உட்காரும்போது கேட்டார், "சரி மிஸ், நீங்களே சொல்லுங்க. எந்த வயசுலதான் ஆரம்பிக்கணும்?"

"மூணு எண்ணத் தெரியணும்ங்க" என்றாள் உன் பெண். "போதும்னு சொல்லத் தெரியணும். அது ரெண்டும் வந்துட்டா, வயச நான் கேக்கறதில்ல."

முதல் பாதி நீ சொன்னது. இரண்டாம் பாதியை நீ செய்தாய், ஒருநாளும் சொன்னதில்லை. மூன்று வயதில் உன் முழங்காலில் ஒரு குத்து விட்டு அவள் கற்றுக்கொண்டதை, ஒரு கூடத்துக்கு முன்னால் நின்று வாயால் சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் என் மார்பு விரிந்த விரிப்பில் கஞ்சி போட்ட சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது. இதில் பாதியைத் தள்ளாதே, மச்சான். ஒன்று உண்மையிலேயே தெறித்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் போகிறேன். கடைசி வரிசையில், முழங்கால் காதைத் தொடும் குட்டி நாற்காலி. போன வாரம், லேம்ப் வெளிச்சத்தைக் காட்டியே ஒரு புலியை நான் சைவமாக்கிய வரலாற்றை, பக்கத்தில் இருந்த அந்தப் பயப்படுகிற குட்டிப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் ஒரு தட்டு. அவள்தான். நின்றுவிட்டேன்.

மூன்று, இரண்டு, அப்புறம் அமைதி. மேலே வந்ததும் ஷீலா என்னிடம் வந்தாள். "மாமா, கீழ இன்னா கேட்டுச்சு?" என்னிடம் பதினோரு பதில் தயாராக இருந்தது. தங்க ரேகை வளரும் சத்தம் அதில் முதலாவது.

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. நான் பேசாம இருந்தது கேட்டுச்சு."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்தாள். நீயும் அப்படித்தான், துண்டால், உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று.

எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. மூன்று வரை எண்ண இப்போதுதான் பழகுகிறேன், மச்சான்.