தியேட்டரில் போட்ட முழங்கால்

என் அன்பு மனைவிக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா?

உன் தம்பியோடு பேசிவிட்டேன். நம் குழாய்க்கடைக்கு எதிரிலேயே அவனும் ஒன்று போட்டுவிட்டான் என்ற கோபத்தில், அவன் சரக்கு ஒழுகும் என்று வாடிக்கையாளர்களிடம் பொய் சொல்லியிருந்தேன். உன்னிடம் அதை மறைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து நேராகப் படத்துக்குப் போனேன். இருக்கை வரிசை வந்ததும் கோவிலில் பீடத்துக்கு முன் செய்கிற பழக்கதோஷத்தில் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுவிட்டேன். பின்னால் வந்தவர் என்னைத் தடுக்கி விழுந்தார். பார்த்தால் உன் தம்பி.

“யாருக்கு மச்சான் முட்டி போடுறீங்க, ஹீரோவுக்கா?” என்று சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான்.

படத்தில் ஒரு ரவுடி, தன்னால் கெட்டுப்போனவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டான். எத்தனையோ பிரசங்கத்துக்கு அசையாத நான் அதற்கு அசைந்துவிட்டேன். இடைவேளையில் உன் தம்பியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும் மச்சான். நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்.”

பாதி வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லியாயிற்று. மீதிப் பேரை இந்த வாரம் பார்ப்பேன். வியாபாரம் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும், போகட்டும்.

கடைக்கு ஆள் வந்துவிட்டார். என் செபமாலை அறுந்துவிட்டது, ஒன்று அனுப்பு. ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்க வேண்டிய ஒவ்வொரு செபத்தின் இரண்டு பாதியையும் இத்தனை நாள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று முதல் மறுபாதியைச் சொல்ல உன் தம்பி வருகிறான்.

உன் வீட்டுக்காரன்