சுனிலின் அப்பாவுக்கு

எவ்வளவு கோபம் வந்தாலும் வெறுக்க முடியாத என் அப்பா,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. அம்மா சாப்பிடுகிறாள், பட்டப்பகலிலும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். எல்கடுவைத் தோட்டத்தில் சிங்களக் கும்பல் நாம் இருந்த லயத்து வீடுகளை எரித்த அன்று பிடித்த பயம் அது. அகதி முகாமிலிருந்து பலாபத்வலைக்குக் குடிவந்து ஐந்து வருஷமாகியும் விடவில்லை.

தம்பியைப் பற்றித்தான் எழுத வந்தேன். இங்கே வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. சிங்களவர் பேக்கரியில் வேலைக்குச் சேர்த்துவிடக் கூட்டிப்போனீர்களே, சுப்பிரமணியத்தைச் சுனில் என்று சொன்னது நீங்கள்தான். தாய் தகப்பன் இல்லாத சிங்களப் பையன், நீங்கள் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் என்றும் முதலாளியிடம் சொல்லி வைத்தீர்கள். "உசுரு இருந்தா போதும், பேர அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள் எங்களிடம். நாங்களும் தலையாட்டினோம். வேறென்ன செய்திருக்க முடியும்?

அவன் நன்றாகவே பழகிக்கொண்டான். பேக்கரியிலேயே தங்கினான். அம்மா பாண் வாங்கப் போனால் யாரோ எவரோ என்பதுபோல் சுற்றிக் கொடுத்தான். அம்மா அழுதுகொண்டு வருவாள். நீங்களோ, பிள்ளை கெட்டிக்காரன் என்று சிரித்தீர்கள்.

உங்கள் சாவுக்கு வந்தான், பேக்கரி ஆட்களோடு. கொள்ளிக்குடம் எடுக்க மகன் எங்கே என்று மாமா கேட்டார். அதே நேரம் கூட வந்தவர்களில் ஒருவர், செத்தவர் உனக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்து வீட்டு மாமா என்றான், அப்பா. உங்கள் காலடியில் நின்றுகொண்டு சொன்னான். குடத்தை நான் தூக்கினேன். பொம்பளைப் பிள்ளை தூக்குவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மாமா விலகி வழிவிட்டார்.

மூன்றாம் நாள் பின்வாசலால் வந்தான். வந்ததும் அறைந்துவிட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மொட்ட போட்டா கண்டுபுடிச்சிருவாங்கக்கா. அப்பா சொன்னதத்தானே செஞ்சேன்?" என்றான். அதற்கு உங்களிடம் பதில் இருந்ததா? அன்றைக்குப் போனவன் இன்னும் வரவில்லை.

நாளைக்குப் பேக்கரிக்குப் போகிறேன். பாண் வாங்க வந்தவளாக நின்று, அம்மா சோறு ஆக்கி வைத்திருக்கிறாள் என்று மெல்லச் சொல்லிவிட்டு வருவேன். அவன் வந்தால் அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்பேன். வராவிட்டாலும் வருஷத் திதியில் அவன் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் உங்களுக்குப் படைப்பேன், இது சத்தியம். உங்களை மன்னிக்கத்தான் இன்னும் கொஞ்ச நாளாகும்.

உங்கள் மகள்,
சுப்பிரமணியத்தின் அக்கா,
மாரியாயி