நாலாம் வீட்டுக் கம்பி

2024 ஜூன் 9

ஐந்தாவது நாளாக மழை. என் நாலாம் வீட்டுப் பின்சுவரில் வெடிப்பு. நேற்று இல்லை. அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

ஜூன் 10

வெடிப்பு கோட்டைத் தாண்டி நான்கு விரல் போய்விட்டது.

ஐந்தாம் வீட்டு ஜீவராஜுக்குக் கேலி. "கட்டடத்துக்கே டாக்டர் நம்ம மாமா. நாடி எப்படி இருக்குங்க?"

சிரிக்கவில்லை. நேவி லயம் என்ற இந்த வரிசை வீட்டை என்னைவிட அறிந்தவன் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நோயுற்ற கப்பற்படையினர் தங்கி உடம்பு தேற வெள்ளைக்காரன் கட்டியது. அப்போது ஒரே நீள மண்டபம். பிற்பாடு தோட்டம்தான் குறுக்குச்சுவர் வைத்து எட்டு வீடாக்கியது. கல்சுவர், இரண்டடி கனம். கூரைப் பாரம் முன்சுவரையும் பின்சுவரையும் வெளியே தள்ளும். தள்ளாமல் பிடிக்க வீட்டுக்கு ஒரு இரும்புக் கம்பி, தலைக்கு மேலே, சுவருக்குச் சுவர். வெளியே தட்டு வைத்து முடுக்கியிருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. ஏணி வைத்து ஏறி, அளந்து, நானே அறிந்தது.

அறிந்தது பிந்தித்தான்.

ஜூன் 11

எழுதிவிடுகிறேன். 1994. என் வீட்டில் ஆறு பேர். இன்னொரு அறை கேட்டு மூன்று மனு கொடுத்தேன். தோட்டத்துத் துரை ஒன்றுக்கும் பதில் தரவில்லை. சரி, மேலே பரண் மாதிரி அட்டல் போட்டுப் படுத்துக்கொள்வோம் என்று பலகை அடித்தேன். கம்பி குறுக்கே நின்றது. என் மனைவி காளியாயி ஏணியைப் பிடித்துக்கொண்டாள், நான் அறுத்தேன். வெளியே தட்டு அப்படியே இருந்தது. எட்டு வீடு, பக்கத்துக்கு எட்டுத் தட்டு. யாருக்குத் தெரியும்? காளியாயியும் போய்ச் சேர்ந்தாள்.

என் பிழையா? இடம் தராதவன் பிழை. முப்பது வருடமாக இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 13

ஜீவராஜின் மனைவி நிஷாந்தி குழந்தையின் தூளியைக் கம்பியில்தான் கட்டியிருக்கிறாள். கம்பியைத் தட்டிப் பார்த்தேன். கீச்சென்று உச்சத்தில் ஒலித்தது. முன்பு இப்படி ஒலித்ததில்லை. என் வீட்டுப் பாரத்தையும் அதுவே இழுத்துப் பிடிக்கிறது. வெளியே போய்ப் பார்த்தேன் — அவள் வீட்டுத் தட்டு சுவருக்குள் அரை அங்குலம் புதைந்திருக்கிறது.

"தூளிய வேற எங்கயாவது கட்டும்மா."

"ஏன் மாமா? கப்பல்காரனுக்குக் கட்டுனது, குண்டு போட்டாலும் அசையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன். எத்தனை தடவை.

ஜூன் 14

பயமா இருக்கு. வேற ஒன்னும் எழுத வரல.

ஜூன் 15

வெடிப்பைப் பார்க்கக் கட்டட அதிகாரி வந்தார். குடையோடு வெளியே நின்று பின்சுவர்த் தட்டுகளை எண்ணினார். எட்டும் இருக்கிறது, மழை விட்டதும் பூசலாம் என்றார். ஜீவராஜுக்குச் சந்தோஷம். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

வாயைத் திறந்தால் எட்டு வீடும் காறித் துப்பும். எந்தத் துரைக்கும் தலை குனியாதவன் நான். ஜீவராஜ் வீட்டுக்குள் தூளி ஆடும் சத்தம்.

"மாத்தையா, என் வீட்டு அட்டல்ல ஏறிப் பாருங்க" என்று சிங்களத்தில் சொன்னேன். நானே பலகையைப் பெயர்த்தேன். அறுந்த இரண்டு நுனியும் தெரிந்தன.

யார் அறுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். மனுக்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மாலைக்குள் எட்டு வீடும் காலி. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு. என் பெட்டியைத் தூக்க யாரும் வரவில்லை.

ஜூன் 17

காலையில் விழுந்தது. என் வீடும் ஜீவராஜ் வீடும். பின்சுவர் வெளியே, கூரை உள்ளே.

ஜூன் 19

என்னோடு யாரும் பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

ஜூன் 22

நிஷாந்தி வகுப்பறை விட்டத்தில் தூளிக் கயிற்றைப் போட்டாள். குழந்தையை வைக்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே என் மூலைக்கு வந்தாள்.

"மாமா, இது தாங்குமா?"

மேசையை இழுத்துப் போட்டேன். "ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்."