ஏழு தெரு தள்ளி

அக்டோபர் 12, 1964. திங்கள்

முட்டை கருகிவிட்டது. வேலை விளம்பரங்களைப் பார்த்தேன். "வெள்ளையர் மட்டும்" என்று இப்போது அச்சடிப்பதில்லை. வாசலுக்கு வரவழைத்துச் சொல்கிறார்கள்.

இந்த அறைக்கு வந்து ஏழு வாரம். இறைச்சி ஆலையை மூடிய பிறகு செயின்ட் லூயிஸ் முழுக்க அலைந்தாயிற்று. நல உதவி அலுவலகத்தில் ஒரே பதில்தான்: வீட்டில் உழைக்கத் தெம்புள்ள ஆண் இருந்தால் பிள்ளைகளுக்கு உதவி கிடையாது. ஆண் இல்லாவிட்டால் உண்டு. மனைவி ஒடெஸாவும் நானும் பேசி முடிவு செய்தோம். இல்லை, அவள் எதுவும் சொல்லவில்லை. நான்தான் பெட்டியை எடுத்தேன். அவள் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

காகிதத்தில் நான் மனைவி மக்களை விட்டு ஓடிப்போனவன். இருப்பது ஏழு தெரு தள்ளி.

பக்கத்து அறை டொபையஸுக்கும் இதே கதைதான். "நாம ரெண்டு பேரும் நடமாடுற பொணம்டா, ஆர்லிஸ். எனக்காவது மாமியார் தொல்லை விட்டுச்சு" என்கிறான். சிரித்தேன். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 18. ஞாயிறு

தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒடெஸாவும் பிள்ளைகளும் மூன்றாவது வரிசை. சின்னவள் டாட்டி (நாலு வயது) திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அக்காள் மாக்ஸின் அவள் முகத்தைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டாள். மாக்ஸினுக்குப் பத்து வயது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கும்போது என் மனைவிக்குக் கை கொடுத்தேன்.

"நல்லா இருக்கீங்களா, மிஸஸ் கெய்ன்ஸ்?"

"இருக்கோம். நீங்க?"

பதினோரு வருஷமாக என்னை "நீ" என்பவள். கையை மட்டும் உடனே விடவில்லை.

நவம்பர் 3

ஓட்டுப் போட்டேன். வறுமையின் மேல் அரசாங்கம் போர் தொடுத்திருக்கிறதாம். எங்கள் வீட்டில் முதலில் விழுந்தவன் நான்தானா?

நவம்பர் 26. நன்றி நாள்

அலுவலகங்களுக்கு விடுமுறை, ஆண் இருக்கிறானா என்று வீட்டைச் சோதிக்க யாரும் வர மாட்டார்கள். வீட்டுக்குப் போனேன். கோழி, சோளரொட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. டாட்டி என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

சாப்பிட்டதும் மாக்ஸின் என் தட்டை முதலில் கழுவித் துடைத்து அடுக்கினாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். கட்டிலடியில் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, உன் கைக்குட்டை."

வாங்கிக்கொண்டேன். எதையும் விட்டுவைக்காமல் என்னைக் கூட்டித் துடைத்து அனுப்பினாள், குழந்தை.

டிசம்பர் 9

எழுதிவிட வேண்டும்.

டாட்டிக்கு விடாத இருமல் என்று ஒடெஸா ஆள் அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்ததும் அவள் மருந்து வாங்கப் போனாள். மாக்ஸின் பள்ளியிலிருந்து வந்திருந்தாள், டாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணி இருக்கும், கதவு தட்டும் சத்தம். நல உதவி அலுவலகத்து மிஸ் ஹேவர்காம்ப்! சொல்லாமல்தான் வருவாள்.

மாக்ஸின் என்னைப் பார்த்தாள். துணி அலமாரியைப் பார்த்தாள். நான் உள்ளே போனேன். முப்பத்தாறு வயது ஆம்பிளை, பெண்டாட்டி உடுப்புகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்கப்பாகிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டாம்மா?"

"இல்ல, மேடம்."

"எங்கே இருக்கார்னு தெரியாதா?"

"தெரியாது. எங்கள விட்டுட்டுப் போய்ட்டாரு."

"அவர் மேல கோபமா இருக்கா?"

பேனா காகிதத்தில் உரசுவது கேட்டது.

"ஆமா."

முதலில் சொன்னதெல்லாம் பொய், எனக்குத் தெரியும். கடைசிச் சொல்லில் பொய் இல்லை.

மிஸ் ஹேவர்காம்ப் போன பிறகு மாக்ஸின் அலமாரியைத் திறந்தாள். "நல்லா சொன்னேனாப்பா?"

"நல்லா சொன்னே" என்றேன். வேறென்ன சொல்ல? என் பிள்ளையைப் பொய்க்காகப் பாராட்டினேன்.

ஜனவரி 17, 1965

வீட்டுப் பக்கம் போவதில்லை. மாக்ஸினை இன்னொரு தடவை அப்படிப் பேச வைக்க மாட்டேன்.

மார்ச் 2

டொபையஸ் சிகாகோவுக்குப் போய்விட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது இருமல்கூட இல்லை.

ஜூன் 27. ஞாயிறு

ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இந்தக் கோடையில் பாலர் பள்ளி தொடங்கியிருக்கிறது. ஒடெஸாவை உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். தேவாலய வாசலில் வைத்துச் சொன்னாள். குரலே மாறியிருந்தது. "என்னைய டீச்சர்னு கூப்புடுதுங்க!"

சந்தோஷம்தான். பிறகு ஏன் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை? நான் இல்லாத வீட்டில் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். அதைப் பார்க்கச் சகிக்காதவனா நான்?

செப்டம்பர் 13

அரசுப் பயிற்சியில் இரும்பைப் பற்றவைக்கும் வெல்டிங் வேலை கற்கச் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம்.

பிப்ரவரி 20, 1966. ஞாயிறு

ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை கிடைத்து மூன்று வாரம். ஒடெஸாவுக்கும் வருஷம் முழுக்க வேலை உறுதியாகிவிட்டது. அவளே அலுவலகத்துக்குப் போய், இனி உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"வீட்ல ஆம்பிளை யாராவது இருக்காங்களான்னு கேட்டா அந்தம்மா. இல்ல, வரப்போறாருன்னேன்." பிறகு என் கையைப் பிடித்தாள். "பெட்டியைக் கட்டு."

கட்டினேன். பகல் வெளிச்சத்தில் முன்வாசல் வழியாக ஏறிப் போனேன். உப்பு எங்கே, துண்டு எங்கே என்று எல்லாம் கேட்க வேண்டியிருந்தது. டாட்டி ஓடி ஓடிக் காட்டினாள். மாக்ஸின் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி?"

உங்களுக்கு.

மார்ச் 6

மாக்ஸின் நான் வந்தால் எழுந்து நிற்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த அறையில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மார்ச் 24. வியாழன்

மாக்ஸின் பள்ளி விட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

பையைத் தரையில் போட்டாள்.

"நீ யாரு கேக்க? நீதான் போனியே!"

ஒடெஸா எழுந்தாள். "மாக்ஸின்! அப்பா எதுக்குப் போனார்னு உனக்குத் தெரியாதா? நீங்க சாப்புடணும்னுதானே?"

"நான் சாப்பாடு கேட்டேனா? பட்டினி கெடந்திருக்கலாம்ல! எல்லாரும் சேர்ந்து கெடந்திருக்கலாம்ல!"

ஒடெஸாவை உட்காரச் சொன்னேன். கணக்காய் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன், அந்த அறையில் ஒன்றரை வருஷமாக.

"ஆமாம்மா. போனேன்" என்றேன்.

அழுதாள். நின்றபடியே, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி. கிட்டே போனேன். தள்ளிவிட்டாள். அங்கேயே நின்றேன். மறுபடி தள்ளினாள், கை என் சட்டையைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

தூங்கப் போகும்போது அறையிலிருந்து கத்தினாள்: "அப்பா, உன் பூட்ஸ நடுவழியில போட்டிருக்க, நான் தடுக்கி விழணுமா?"

போய் எடுத்து ஓரமாக வைத்தேன்.